தைமோமா ஆபரேஷன் முடிந்தது, மார்ஜின் 0.5 மில்லிமீட்டர். ரேடியேஷன் வேண்டுமா, வேண்டாமா?

வெண்மணல்
வணக்கம். அண்ணனுக்கு 46 வயது. இமை தொங்குகிறது, சாயங்காலமானால் பேச்சு குழறுகிறது என்று போனதில் மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போகாமல் தசை ஓய்ந்துபோகும் நோய்) என்றார்கள். அதைத் தொடர்ந்து எடுத்த சிடி ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் கட்டி. ஐந்து வாரத்துக்கு முன் நெஞ்செலும்பைப் பிளந்து கட்டி, தைமஸ் சுரப்பி, சுற்றியிருந்த கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட் சொல்வது: தைமோமா (தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி), வகை பி2, அளவு 6.2 செ.மீ., உறையைத் தாண்டிக் கொழுப்புக்குள் ஊடுருவியிருக்கிறது, மசாவோகா-கோகா ஸ்டேஜ் 2பி, மார்ஜினில், அதாவது வெட்டி எடுத்த விளிம்பில், கட்டி இல்லை, கட்டிக்கு மிக அருகிலிருக்கும் மார்ஜின் 0.5 மி.மீ. ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டேஜ் 1 என்று இருக்கிறது!

ஆபரேஷன் செய்தவர், "சுத்தமாக எடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே போகலாம்" என்கிறார். ரேடியேஷன் டாக்டர், "28 சிட்டிங் கொடுத்துவிடுவது நல்லது" என்கிறார். இருவருமே மற்றவர் சொல்வது தவறில்லை என்றும் சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. ஒருவர் தவறு என்றால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கடைசிபெஞ்ச்
எனக்கும் தைமோமாதான், எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. வகை ஏபி, ஸ்டேஜ் 2ஏ, மார்ஜின் தாராளம். ரேடியேஷன் கொடுக்கவில்லை. வருடம் ஒரு சிடி, அவ்வளவுதான். உங்கள் அண்ணன் கதை வேறு மாதிரி இருக்கலாம், பி2 என்பது ஏபியைவிடக் கொஞ்சம் முரடு. ஆனால் "கட்டி என்றாலே ரேடியேஷன்" என்பது இந்த நோயில் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒளிக்கற்றை
ரேடியோதெரபி பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். எந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் என்று கணக்குப் போடுவது என் வேலை. கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது டாக்டர்கள் வேலை. ஆகவே நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டேஜ் குழப்பம். இரண்டு தாளுமே சரியாக இருக்கலாம். மசாவோகா என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1981-இல் ஒரு ஸ்டேஜ் முறையை வெளியிட்டார், 1994-இல் கோகா அதைத் திருத்தினார். அதில் உறை கிழியாமல் இருந்தால் 1. உறையைத் தாண்டியது மைக்ராஸ்கோப்பில்தான் தெரிகிறது என்றால் 2ஏ. கண்ணுக்கே தெரியும்படி கொழுப்புக்குள் போயிருந்தால், அல்லது பக்கத்துச் சவ்வில் ஒட்டிக்கொண்டு ஆனால் துளைக்காமல் இருந்தால் 2பி. இதயச் சவ்வு, நுரையீரல், பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்திருந்தால் 3. புளூரா என்கிற நுரையீரல் உறையில் சிதறியிருந்தால் 4ஏ, நிணநீர்க் கணுவுக்கோ தூரத்து உறுப்புக்கோ போயிருந்தால் 4பி.

மற்றது டிஎன்எம், கட்டி, நிணநீர்க் கணு, தூரப் பரவல் மூன்றையும் வைத்து ஸ்டேஜ் சொல்லும் முறை. அதன்படி பழைய 1, 2ஏ, 2பி எல்லாமே ஒரே மூட்டை, ஸ்டேஜ் 1. இப்போதைய 9-ஆம் பதிப்பில் அந்த மூட்டைக்குள் 5 செ.மீ.க்கு மேலா கீழா என்று மட்டும் பிரிக்கிறார்கள். உங்கள் அண்ணனுடையது 6.2, எனவே டி1பி. கட்டி அதேதான், அளவுகோல்தான் இரண்டு. ரேடியேஷன் பற்றிய பழைய ஆய்வுகள் பெரும்பாலும் மசாவோகா கணக்கில் இருப்பதால், இந்த இழையில் அதையே பிடித்துக்கொண்டு பேசுவோம்.

அடுத்தது டோஸ். 28 சிட்டிங் என்றால் நாளுக்கு 1.8 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு) வீதம் 50.4 கிரே. முழுதாக எடுத்த பிறகு கொடுப்பது வழக்கமாக 45 முதல் 50 வரை. மைக்ராஸ்கோப் அளவில் மிச்சம் இருந்தால் 54 பக்கம் போவார்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டியையே விட்டுவிட்டு வந்திருந்தால் 60 முதல் 70.

மறுபக்கம்
நான் எதிர்க்கட்சி. என் அப்பாவுக்கு இதே கேள்வி வந்தபோது கிடைத்த கட்டுரைகளையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். (தொழில் புள்ளியியல். நோயாளி வீட்டில் புள்ளியியல் தெரிந்தவன் இருந்தால் டாக்டருக்குத் தலைவலி.)

2பி, முழுதாக எடுத்தது, தைமோமா. இந்த மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு ரேடியேஷன் ஆயுளைக் கூட்டும் என்று காட்டுகிற, சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்தி முடித்த ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. இருப்பதெல்லாம் பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டியவை. 2009-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்து, 592 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஸ்டேஜ் 2, 3 தைமோமாவில் முழுதாக எடுத்த பிறகு ரேடியேஷன் கொடுத்ததால் கட்டி திரும்புவது குறையவில்லை. 2015-இல் ஜப்பான் தரவுத்தளத்திலிருந்து 1265 பேரைப் பார்த்தார்கள். தைமிக் கார்சினோமா என்கிற, தைமஸில் வரும் இன்னும் முரட்டுப் புற்றில் திரும்புவது குறைந்தது, தைமோமாவில் பலன் இல்லை.

ஒளிக்கற்றை
மறுபக்கம் சார், பாதிக் கதையை மட்டும் சொல்கிறீர்கள். 2016-இல் இத்மிக் என்கிற சர்வதேசக் குழுவின் தரவுகளில் முழுதாக எடுத்த ஸ்டேஜ் 2, 3 தைமோமா 1263 பேர். பாதிக்குச் சற்று மேல் ரேடியேஷன் வாங்கியவர்கள். அவர்களில் 5 வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம், வாங்காதவர்களில் 90. 10 வருடத்தில் 86-க்கு 79.

மறுபக்கம்
மறைக்கவில்லை, அடுத்த பதிவில் எழுத வைத்திருந்தேன். அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் ரேடியேஷன் நூற்றுக்கு 7 பேரைக் காப்பாற்றியது என்று தோன்றும். ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடமாடி, ஐந்தாறு வாரம் தினம் வந்துபோகிற அளவுக்குத் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். மயஸ்தீனியா முற்றி வென்டிலேட்டரில் கிடந்தவர் எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருப்பார்? தெம்பானவர்கள் அதிக நாள் வாழ்வதில் ஆச்சரியம் என்ன. கணக்கில் அதைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், முழுக்கச் சரிக்கட்ட முடியாது.

சரி, இதே குறை நான் காட்டிய ஆய்வுகளுக்கும் எதிர்த்திசையில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மோசமான கட்டி உள்ளவருக்குத்தான் டாக்டர் ரேடியேஷன் எழுதுவார். பிறகு ரேடியேஷன் வாங்கியவர்களுக்குக் கட்டி திரும்பினால், பழி ரேடியேஷன் மேல் விழும்.

வெண்மணல்
அப்படியானால் இவ்வளவு வருடமாக யாரும் ஒழுங்காக ஒரு ஆய்வு நடத்தவில்லையா?

ஒளிக்கற்றை
10 லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் இருவருக்குத்தான் இந்தக் கட்டி வருகிறது. வந்தாலும் மெதுவாக நகர்கிற நோய், திரும்புவதென்றால் 10 வருடம் கழித்தும் திரும்பும். ஆள் சேர்க்கவே ஒரு மாமாங்கம், பதில் தெரிய இன்னொரு மாமாங்கம். பிரான்ஸில் ரிதமிக் என்ற வலையமைப்பு 2012 முதல் இந்தக் கேஸ்களை ஒன்றாகப் பார்க்கிறது. அவர்கள் உங்கள் அண்ணன் கேள்வியையேதான் எடுத்திருக்கிறார்கள்: முழுதாக எடுத்த 2பி, 3 தைமோமா, ஒரு பாதிக்கு 50.4 கிரே, மறு பாதிக்கு வெறும் கண்காணிப்பு, திட்டமிட்டது 314 பேர். ரேடியோரிதமிக் என்று பெயர். அந்தப் பதில் வரும்வரை உங்கள் அண்ணனால் காத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல். கொடுப்பதானால் ஆபரேஷனிலிருந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கச் சொல்வார்கள்.

பூவரசு
கதிர் வைத்தால் அடங்கிக் கிடக்கிற புற்று சிதறிப் பரவும் என்கிறார்களே? எங்கள் உறவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

கடைசிபெஞ்ச்
கதிர் வைத்ததால் பரவாது. பரவும் ஆபத்து அதிகம் இருந்தவருக்குக் கதிர் வைத்திருப்பார்கள், பிறகு பரவியிருக்கும். மேலே மறுபக்கம் சொன்ன அதே முடிச்சுதான்.

ஊசிநூல்
ஓய்வுபெற்ற நெஞ்சு அறுவை மருத்துவன். ஸ்டேஜ், வகை எல்லாம் பேசிவிட்டீர்கள். அந்த 0.5 மில்லிமீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லையே.

அம்மா வெண்மணல், தைமோமாவை எடுப்பதை ஒரு பழத்தைக் காம்போடு பறிப்பது மாதிரி நினைக்காதீர்கள். மெத்தென்ற கொழுப்பு, அதற்குள் கட்டி, பின்னால் இதயச் சவ்வு, மேலே பெரிய சிரைகள், இரு பக்கமும் புளூரா. வெளியே எடுத்து மேசையில் வைத்ததும் அந்தக் கொழுப்பு சரிந்து உருவமே மாறிவிடும். எது முன்பக்கம், எது இதயச் சவ்வை ஒட்டியிருந்த பக்கம் என்று நாங்கள் நூல் கட்டியோ மை தடவியோ அடையாளம் சொல்லாவிட்டால் பேத்தாலஜிஸ்ட்டுக்குத் தெரியாது. பல ரிப்போர்ட்டுகளில் "மிக அருகிலுள்ள மார்ஜின்" என்று எண் இருக்கும், எந்தப் பக்கம் என்று இருக்காது. உங்கள் ரிப்போர்ட்டிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

பக்கம் முக்கியம். முன்பக்கம் அரை மில்லிமீட்டர் என்றால் அதற்கு முன்னால் இருப்பது எலும்பின் பின்பக்கம்தான், பெரும்பாலும் வெறும் இடம். நான் கவலைப்பட மாட்டேன். அதே அரை மில்லிமீட்டர் சிரையின் மேலோ ஃப்ரெனிக் நரம்பின் மேலோ இருந்தால் கதை வேறு. ஃப்ரெனிக் நரம்பு உதரவிதானத்தை, அதாவது மூச்சு இழுக்கிற தசையை ஆட்டுகிற நரம்பு. மயஸ்தீனியா இருக்கிறவருக்கு அதை வெட்டினால் மூச்சுக்கே திண்டாட்டம். அதனால் கட்டி அதில் ஒட்டியிருந்தால் நரம்பை விட்டுவிட்டுக் கட்டியைச் சீவி எடுப்போம். நானே பலமுறை செய்திருக்கிறேன். செய்தது சரிதான், ஆனால் அங்கே மார்ஜின் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஆபரேஷன் செய்தவரிடம் "எல்லாம் எடுத்தாயிற்றா" என்று கேட்காதீர்கள். எந்த சர்ஜனும் ஆமாம் என்றுதான் சொல்வான். "எந்த இடத்தில் ஒட்டியிருந்தது, எங்கே சீவி எடுத்தீர்கள், அங்கே கிளிப் போட்டிருக்கிறீர்களா" என்று கேளுங்கள்.

மறுபக்கம்
இது நான் படித்த எந்த அட்டவணையிலும் இல்லாத விஷயம். அட்டவணைகளில் "முழுதாக எடுத்தது" என்று ஒரே கட்டம்தான். அதற்குள் தாராள மார்ஜினும் இருக்கிறது, சீவி எடுத்ததும் இருக்கிறது.

ஒளிக்கற்றை
கிளிப் விஷயத்தை நான் கும்பிட்டு வரவேற்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு சிடியில் தைமஸ் இருந்த இடம் வெறும் தழும்பும் கொழுப்பும்தான். கட்டி எங்கே தொட்டுக்கொண்டிருந்தது என்று பழைய ஸ்கேனை மேலே பொருத்தி ஊகிக்க வேண்டும். சர்ஜன் நான்கு டைட்டானியம் கிளிப் வைத்திருந்தால் ஊகம் போய் இலக்கு வந்துவிடும். இலக்கு சின்னதானால் இதயத்துக்குப் போகும் டோஸ் குறையும்.

இதயம்தான் இங்கே பெரிய கவலை. மார்பகப் புற்றுக்கு ரேடியேஷன் வாங்கிய பெண்களை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரேக்கும் பெரிய மாரடைப்பு வகைப் பிரச்சினைகள் 7.4 சதவீதம் கூடின. இவ்வளவுக்குக் கீழே பாதுகாப்பு என்று ஒரு கோடும் தெரியவில்லை. 46 வயதுக்காரருக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம் இருக்கிறது. அதனால்தான் சும்மா இருக்கட்டும் என்று கொடுப்பதை நான் விரும்புவதில்லை. ஐஎம்ஆர்டி மாதிரி பல கோணத்திலிருந்து வளைத்துக் கொடுக்கும் முறைகளும், வசதி உள்ள இடத்தில் புரோட்டானும் இதைக் குறைக்கும். பூஜ்ஜியம் ஆக்காது.

இன்னொன்று, இதை யாரும் உடைத்துச் சொல்ல மாட்டார்கள். தைமோமா திரும்பும்போது அதிகம் திரும்புவது பழைய இடத்தில் இல்லை, புளூராவில். துளித்துளியாகக் கீழே உதரவிதானத்தின் மேல் வந்து உட்காரும். நாங்கள் கதிர் செலுத்துவது கட்டி இருந்த இடத்துக்கு மட்டும். புளூரா முழுவதையும் மூட முயன்றால் நுரையீரல் தாங்காது. ஆக, ரேடியேஷன் வாங்கினாலும் அந்த வாசல் திறந்தேதான் இருக்கும்.

வெண்மணல்
நன்றி. நாளை மறுநாள் சர்ஜனைப் பார்க்கிறோம். ஊசிநூல் ஐயா சொன்ன மூன்று கேள்வியையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அண்ணன் இந்த இழை முழுவதையும் படித்தார். "எதிர்க்கட்சிக்காரர் பேச்சுதான் பிடித்திருக்கிறது" என்றார். அவருக்கு ரேடியேஷன் வேண்டாம் என்ற ஆசை.

மறுபக்கம்
அண்ணனிடம் சொல்லுங்கள், என் அப்பா கடைசியில் ரேடியேஷன் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்டேஜ் 3. அங்கே என் வாதம் எடுபடவில்லை, எனக்கே எடுபடவில்லை.

வெண்மணல்
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

சர்ஜன் கேள்விகளைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு படம் வரைந்தார். இடப்பக்கம் ஃப்ரெனிக் நரம்பின் மேல் இரண்டு செ.மீ. நீளத்துக்குக் கட்டி ஒட்டியிருந்ததாம். மயஸ்தீனியா இருப்பதால் நரம்பைக் காப்பாற்றிச் சீவி எடுத்திருக்கிறார். கிளிப் போட்டிருக்கிறார், மூன்று. இதையெல்லாம் ஆபரேஷன் குறிப்பில் எழுதியிருக்கிறார், டிஸ்சார்ஜ் தாளுக்கு அது வரவில்லை. அவரே பேத்தாலஜிஸ்ட்டுக்குப் போன் செய்து, அந்தப் பக்கத்து பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்து வைத்த துண்டு) இன்னும் ஆழமாகச் சீவி ஸ்லைடு போட்டுப் பார்க்கச் சொன்னார்.

புது ரிப்போர்ட் நேற்று வந்தது. நரம்பை ஒட்டிய பக்கத்தில் கட்டி விளிம்பில் தடவிய மைக்கோட்டைத் தொடுகிறது. மார்ஜின் பாசிட்டிவ், ஆர்1, அதாவது மைக்ராஸ்கோப் அளவில் மிச்சம். மூன்று பிரிவு டாக்டர்களும் உட்கார்ந்து பேசி 54 கிரே, 30 சிட்டிங் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவரும் அதையேதான் சொன்னார். அண்ணன் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், "சரி, பார்த்துக்கலாம்" என்றார்.

ஊசிநூல்
அவர் நல்ல சர்ஜன். நரம்பைக் காப்பாற்றியதும் சரி, இப்போது ஒப்புக்கொண்டு தேடச் சொன்னதும் சரி. முதலிலேயே அந்தப் பக்கத்துக்கு ஒரு நூல் கட்டிக் குறிப்பும் அனுப்பியிருந்தால் உங்களுக்கு இத்தனை நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மறுபக்கம்
ஆர்1 என்றால் எனக்கு எதிர்வாதம் இல்லை. நான் படித்த கட்டுரைகள் எல்லாம் ஆர்0, அதாவது மிச்சமில்லாமல் எடுத்தது பற்றியவை.

மூச்சுக்காற்று
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் மயஸ்தீனியா, தைமோமா, பிறகு ரேடியேஷன். நான் பட்டதைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ரேடியேஷன் வலிக்காது. என்னைப் படுத்தியது கை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்து அசையாமல் படுக்கச் சொல்வார்கள். மயஸ்தீனியாக்காரர்களுக்குக் கையைத் தூக்கிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பிளான் போடும் சிடி நாளில் இருபது நிமிடம் அப்படிக் கிடந்து, இறக்கும்போது கை என்னுடையதாகவே இல்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள். கைக்கு நல்ல தாங்கு வைப்பார்கள், முடியாதென்றால் கையைக் கீழே வைத்தே பிளான் போடவும் முடியும். ஆனால் எந்த நிலையில் பிளான் போட்டார்களோ அதே நிலையில்தான் 30 நாளும் படுக்க வேண்டும், நடுவில் மாற்ற முடியாது.

மயஸ்தீனியாவுக்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை மேசையில் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளும்படி என் நரம்பியல் டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். நல்ல வித்தியாசம் தெரிந்தது. தினமும் ஒரே நேரத்து ஸ்லாட் கேட்டு வாங்குங்கள், காலை நேரம் உத்தமம். சாயங்காலம் தசை ஓய்ந்துபோயிருக்கும்.

மூன்றாவது வாரம் விழுங்கும்போது நெஞ்சில் எரிச்சலும் அடைப்பும் வந்தது. உணவுக்குழாய் புண்ணா, மயஸ்தீனியா ஏறுகிறதா என்று குழம்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம்: புண் வலிக்கும், தொண்டைக்குக் கீழே நிற்கும். மயஸ்தீனியாவில் வலி இல்லை, மெல்லும்போதே தாடை ஓயும், தண்ணீர் மூக்கில் ஏறும், பேச்சும் சேர்ந்து குழறும். இரண்டாவது வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

அப்புறம் இருமல். ரேடியேஷன் முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால், சளி என்று நினைத்துப் பக்கத்து டாக்டரிடம் போய்விடாதீர்கள். கதிரால் நுரையீரலில் வரும் அழற்சியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. போனாலும் மயஸ்தீனியா இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் மயஸ்தீனியாவை ஏற்றிவிடக்கூடியவை. நான் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஒளிக்கற்றை
கை விஷயம் எங்கள் பிரிவில் நாளைக்கே பேசப்போகிறேன். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்கும் முறை ஒன்று உண்டு, இதயத்தைக் கொஞ்சம் விலக்கும். மூச்சுத் தசை தளர்ந்தவரை அதற்குக் கட்டாயப்படுத்தக்கூடாது. சாதாரணமாக மூச்சு விடும்போதே கட்டி இருந்த இடம் எவ்வளவு நகர்கிறது என்று 4டி சிடியில் பார்த்து அதற்கேற்பப் பிளான் போடலாம். அண்ணனால் முடிகிறதா என்று பிளான் சிடி அன்றே சோதித்துப் பார்க்கட்டும்.

கடைசிபெஞ்ச்
30 முடிந்ததும் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். எனக்குச் சொன்னது முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 10 வருடம் வரை வருடம் ஒருமுறை. அந்த புளூரா வாசலுக்கு இதுதான் காவல்.

வெண்மணல்
எல்லோருக்கும் நன்றி. இன்று பிளான் சிடி முடிந்தது. நெஞ்சில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருக்கிறார்கள். கையைப் பற்றி முதலிலேயே சொன்னோம். ஒரு நுரைமெத்தை கொண்டுவந்து தோளுக்குக் கீழே வைத்தார்கள், பதினைந்து நிமிடம் தாங்கிவிட்டார். மூச்சைப் பிடிக்கும் முறை ஒத்துவரவில்லை, 4டி சிடிதான் எடுத்தார்கள். வரும் திங்கள் காலை 8.30-க்கு முதல் சிட்டிங்.

மூச்சுக்காற்று அக்கா, ஒரு சந்தேகம். 8.30-க்கு ஸ்லாட் என்றால் 7.45-க்கு மாத்திரை. ஆனால் அங்கே இயந்திரம் தாமதமாவது சகஜம் என்கிறார்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூச்சுக்காற்று
வீட்டிலிருந்து கிளம்புமுன் அங்கே போன் செய்து "இயந்திரம் ஓடுகிறதா" என்று கேட்ட பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவேன். போட்ட பிறகு தாமதமானால் பயப்பட வேண்டாம், அது மூன்று மணி நேரமாவது தாங்கும். தாமதமாகிறதே என்று நீங்களாக இன்னொன்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.